ஈப்போவின் இரவுச் சாப்பாடும் இரவு வாழ்க்கையும்: புதிய கடைகள், பழைய தெருக்கள், தெரிந்திருக்க வேண்டியவை

பேரா மாநிலத்தின் தலைநகரான ஈப்போ, கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிப் போகும் ஊர், பணி ஓய்வு பெற்றவர்கள் வாழும் ஊர் என்று ஒரு காலத்தில் இதைச் சொல்வார்கள். கடந்த 15 ஆண்டுகளில் அந்தப் பேச்சு மாறிவிட்டது. மூடிக் கிடந்த பழைய கடைவீடுகளில் காப்பிக் கடைகளும் உணவகங்களும் மதுபானக் கூடங்களும் வந்துள்ளன. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வெளியூர் மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா, கோப்பேங், கம்பார், பீடோர், தாப்பா என்று சுற்றிலும் உள்ள ஊர்களிலும் தோட்டங்களிலும் வாழும் தமிழர்களுக்கு ஈப்போதான் ‘பட்டணம்’. தீபாவளிக்குத் துணி எடுப்பதும், பெரிய மருத்துவமனைக்குப் போவதும், பிள்ளைகள் முதல் வேலைக்குச் சேர்வதும் பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இந்த ஊரின் இரவுப் பொழுது எப்படி மாறியிருக்கிறது, அதில் எங்கே என்ன கிடைக்கிறது, கடை திறப்பவரும் வேலைக்குப் போபவரும் வாடிக்கையாளரும் எந்தச் சட்டங்களை அறிந்திருக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் தொகுத்துப் பார்ப்பது பயனுள்ளது.

ஈயத்தோடு எழுந்த ஊர்

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் நச்சுப் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயலம்பங்கள் பெருகியபோது ஆற்றங்கரைச் சிற்றூர் நகரமாக வளர்ந்தது. 1892-இல் ஏற்பட்ட பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. அதன்பின் திட்டமிட்ட தெருக்களோடு மீண்டும் கட்டப்பட்டது. கிந்தா ஆற்றுக்கு மேற்கே இருப்பது பழைய பட்டணம். ஆற்றுக்குக் கிழக்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈய முதலாளி யாவ் தெட் ஷின் எழுப்பிய பகுதி புதிய பட்டணம். இன்றும் உள்ளூர்க்காரர்கள் ஓல்ட் டவுன், நியூ டவுன் என்றே வழி சொல்கிறார்கள்.

1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். 1988 மே 27-ஆம் தேதி ஈப்போ மாநகர் தகுதி பெற்றது என்றாலும், பழைய பட்டணத்தின் பல கடைவீடுகள் பூட்டியே கிடந்தன. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு ஊரில் பணம் புரளவில்லை. அதனால்தான் நூறு வயதைத் தாண்டிய அந்தக் கட்டடங்கள் இடிபடாமல் தப்பின. இன்று சுற்றுப்பயணிகள் தேடி வருவதும் அவற்றைத்தான்.

மாற்றம் எப்படி வந்தது

முதல் காரணம் ரயில். 2010 ஆகஸ்டில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இடிஎஸ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாகக் குறைந்தது. ஹப்பாக் வடிவமைத்து 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிற நிலையத்தில் இறங்கினால் பழைய பட்டணத்தை நடந்தே சுற்றலாம். கார் இல்லாதவர்களும் காலையில் வந்து இரவில் திரும்பும் வசதி பிறந்தது.

இரண்டாவது காரணம் பழைய கட்டடங்களின் மறுவாழ்வு. ஒரு காலத்தில் நாடகக் கலைஞர்கள் தங்கிய கோங் ஹெங் விடுதியும் அதன் சுற்றுப்புறமும் சீரமைக்கப்பட்டு உணவகங்களும் கைவினைக் கடைகளும் கொண்ட வளாகமானது. 2014-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் பழைய பட்டணத்துச் சுவர்களில் ஓவியங்கள் வரைந்தார். ‘வைப்பாட்டிச் சந்து’ என்ற பொருளில் அழைக்கப்படும் லோரோங் பங்லிமா, நினைவுப் பொருளும் பலகாரமும் விற்கும் சந்தாக மாறியது. 2016-இல் லோன்லி பிளானட் வழிகாட்டி, ஆசியாவில் பார்க்க வேண்டிய 10 இடங்களில் ஈப்போவை ஆறாவதாகச் சேர்த்தது.

இடையில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சாப்பாட்டுக் கடைகள் பொட்டலம் கட்டிக் கொடுத்துப் பிழைத்தன. இரவு விடுதிகள் மாதக்கணக்கில் இழுத்து மூடப்பட்டன. 2022 ஏப்ரலில் உணவகங்களுக்கான நேரக் கட்டுப்பாடு நீங்கிய பிறகே இரவுத் தொழில் மறுபடி மூச்சு விட்டது.

எங்கே என்ன

பழைய பட்டணம்: காலையும் மதியமும் சூடு பிடிக்கும் பகுதி இது. ஈப்போ வெள்ளைக் காப்பி பிறந்த சீனக் காப்பிக் கடைகள் இங்கேதான் உள்ளன. காப்பிக் கொட்டையைச் சீனியோடு சேர்த்துக் கருக வறுப்பது வழக்கமான கோப்பி. சீனி சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் வறுத்தால் நிறம் வெளிறி வரும். அதுவே வெள்ளைக் காப்பி. 1999-இல் ஈப்போவில் தொடங்கிய ஒரு நிறுவனம் அதைப் பொட்டலமாக்கி நாடு முழுவதும் கடை பரப்பியது. மாலைக்குப் பின் இந்தப் பகுதியின் பெரும்பாலான காப்பிக் கடைகள் மூடிவிடும். சீரமைக்கப்பட்ட கடைவீடுகளில் உள்ள புதிய உணவகங்களும் சிறு மதுபானக் கூடங்களும் மட்டும் திறந்திருக்கும்.

புதிய பட்டணம்: இரவுச் சாப்பாட்டின் மையம் இது. ஜாலான் யாவ் தெட் ஷின் பகுதியில் அவித்த கோழியும் பருத்த தவுகேயும் விற்கும் கடைகள் சாலை வரை மேசை போடுகின்றன. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீரால்தான் தவுகே அப்படிப் பருத்து வளர்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. ஜாலான் சுல்தான் எக்ராமில் உள்ள தோங் சுய் காய், இரவில் இனிப்புக் கஞ்சியும் ஐஸ் கச்சாங்கும் விற்கும் ஒட்டுக்கடைகளின் வரிசை. ஜாலான் டத்தோ தஹ்வில் அசாரில் நீண்ட காலமாக நடந்து வரும் கெர்பாங் மாலாம் இரவுச் சந்தை, துணிமணிக்கும் காலணிக்கும் பெயர் பெற்றது. ஜாலான் யாங் கல்சோமில் ஒரு காப்பிக் கடையில் விற்கப்படும் நாசி கண்டாருக்கு ‘நாசி கஞ்சா’ என்று பட்டப்பெயர். சாப்பிட்டவர் விடமாட்டார் என்ற கேலியில் வந்த பெயர்தான் அது. அதில் கஞ்சா எதுவும் கிடையாது.

லிட்டில் இந்தியாவும் புந்தோங்கும்: பழைய பட்டணத்தில் ஜாலான் லாஹாட்டை ஒட்டிய பகுதி லிட்டில் இந்தியா. துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, வாழையிலைச் சோற்றுக் கடை எல்லாம் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் புந்தோங், நாட்டில் இந்திய வாக்காளர்கள் அதிக விகிதத்தில் உள்ள சட்டமன்றத் தொகுதியாக அறியப்படுகிறது. இங்குள்ள கம்போங் கச்சாங் பூத்தே, எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் உழைப்பால் பெயர் பெற்ற இடம். முறுக்கு, ஓமப்பொடி, மிக்சர், கடலை வகைகள் இங்கே சுடப்பட்டு, வறுக்கப்பட்டு நாடெங்கும் போகின்றன. சக்கரவண்டியில் காகிதச் சுருளில் கடலை விற்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் சுற்றுப்பயணிகளுக்கு விற்கிறார்கள். இந்த ஊரின் உணவுப் பெயரில் தமிழர் கை நேரடியாகப் பதிந்த இடம் எது என்று கேட்டால், புந்தோங்கைத்தான் காட்ட வேண்டும்.

கிரீன்டவுன், ஈப்போ கார்டன், மேடான் ஈப்போ: இவை பழைமைக் கவர்ச்சி இல்லாத வணிக வளாகங்கள். உள்ளூர்க்காரர்களின் இரவு நடமாட்டம் இங்கேதான் அதிகம். மாமாக் கடைகள், கொரிய, ஜப்பானிய உணவகங்கள், நேரடிப் பாட்டு நடக்கும் பிஸ்ட்ரோக்கள், கரோக்கே கூடங்கள் என்று கலந்திருக்கும். கார் நிறுத்த இடம் உண்டு என்பது கூடுதல் வசதி.

தம்புன்: குடும்பத்தோடு போவோருக்கு ஏற்ற பகுதி. 2004-இல் திறக்கப்பட்ட லோஸ்ட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுக் குளங்கள் மாலைக்கு மேலும் இயங்குகின்றன. அதே பகுதியின் ஆடம்பர விடுதி ஒன்றில், குகைக்குள் அமைந்த ஜெஃப்ஸ் செல்லார் என்ற மதுக்கூடம் உள்ளது. செலவு அதிகம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

சாப்பிடும் முன் கேட்க வேண்டியவை

ஈப்போவின் புகழ்பெற்ற சீனக் கடைகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. மேற்கத்திய உணவகங்களில் மாட்டிறைச்சி, மாட்டுச் சாறு கலந்த குழம்புகள் சாதாரணம். வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசி விரதம் இருப்பவர்கள் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை, சிப்பிச் சாறு, கருவாட்டுத் தூள், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகைக்கும் ஹலால் சான்றிதழுக்கும் வேறுபாடு உண்டு. முஸ்லிம் நண்பர்களை விருந்துக்கு அழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடையின் தூய்மைக்கு ஊராட்சி மன்றம் ஏ, பி, சி என்று தரம் கொடுக்கிறது. அந்தச் சான்று சுவரில் இருக்கும். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ், மிக அசுத்தமான கடையைச் சுகாதார அதிகாரிகள் 14 நாள் வரை மூட உத்தரவிடலாம்.

பில்லில் இரண்டு வகைக் கூடுதல் தொகை வரலாம். சேவை வரி அரசுக்குரியது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள் மட்டுமே அதற்குப் பதிந்துகொண்டு 6 விழுக்காடு வசூலிக்க வேண்டும். மற்ற பல சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு ஆனபோதும், உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடே நீடித்தது. சேவைக் கட்டணம் என்று போடப்படும் 10 விழுக்காடு கடையின் சொந்த வசூல். அது அரசாங்க வரி அன்று. விலைப்பட்டியல் இல்லாத கடையில், குறிப்பாக மீன், நண்டு, இறால் எடைக்கு விற்கும் இடத்தில், விலையைக் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். குறை இருந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உண்டு. அங்கு 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதியலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம்.

2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை உள்ளது. கூரையில்லா ஒட்டுக்கடைக்கும் இது பொருந்தும். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வேப் எனப்படும் மின்சிகரெட்டையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

கள்ளுக்கடையிலிருந்து பிஸ்ட்ரோ வரை

இரவு வாழ்க்கை என்றதும் தமிழ்க் குடும்பங்களில் முகம் சுளிப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் குடிக்கும் இடமும் தகுதிக்கேற்பப் பிரிந்திருந்தது. துரைமார்களுக்கும் லம்ப முதலாளிகளுக்கும் ஈப்போ திடலைச் சுற்றி கிளப்புகளும், 1906-இல் தொடங்கிய எஃப்எம்எஸ் போன்ற மதுக்கூடங்களும் இருந்தன. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளிக்கோ தோட்டத்துக் கள்ளுக்கடை. உரிமம் பெற்று நடந்த அந்தக் கடைகளில், சம்பளத்தின் ஒரு பகுதி வீட்டுக்கு வராமலே கரைந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தியதும், அது போலீசாருடன் மோதலில் முடிந்ததும் மலாயாத் தமிழர் வரலாற்றில் முக்கியமான அத்தியாயம். கள்ளுக்கடைகள் குறைந்த பின்னர் மலிவுச் சம்சு அந்த இடத்தைப் பிடித்தது. கல்லீரல் கெட்டு இளம் வயதில் இறந்தவர்களை அறியாத தோட்டம் அரிது.

இன்று தோட்டங்கள் குறைந்து, பிள்ளைகள் பட்டணத்தில் தாமானிலும் அடுக்குமாடியிலும் வாழ்கிறார்கள். குளிரூட்டிய பிஸ்ட்ரோவில் தமிழ்ப் பாட்டுக் கச்சேரி நடக்கிறது. கால்பந்து ஆட்டத்தைப் பெரிய திரையில் போடுகிறார்கள். பிறந்தநாள், வேலை உயர்வு என்று நண்பர்கள் கூடுகிறார்கள். பெண்களும் வருகிறார்கள். எஃப்எம்எஸ் கட்டடமும் நீண்ட காலம் மூடிக் கிடந்த பின் உணவகமாகத் திறக்கப்பட்டது. துரைமார்கள் அமர்ந்த இடத்தில் இன்று காசு கொடுக்கும் எவரும் அமரலாம். அது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் மேசைக்கு வரும் பில்லைப் பார்த்தால், கள்ளுக்கடைக்காலத்துக் கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை: மாதச் சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது?

மது, போதைப்பொருள்: சட்டம் சொல்வது

2017 டிசம்பர் முதல், மது வாங்கக் குறைந்தபட்ச வயது 18-இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. கடைக்காரர் அடையாள அட்டையைக் கேட்பது அவமதிப்பு அன்று, அவர் கடமை.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கான தண்டனை 2020 அக்டோபரில் கடுமையாக்கப்பட்டது. முன்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைக்கப்பட்டது. மூச்சுச் சோதனையில் வரம்பு 22 மைக்ரோகிராம். வரம்பு மீறி ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறையே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். குறைந்தது இரண்டாண்டு ஓட்டுநர் உரிமம் பறிபோகும். குடிபோதையில் ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான். இரண்டு பீர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை. உடல் எடை, வயிறு காலியா நிறைந்ததா, குடித்த வேகம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு ஆளுக்கு ஆள் மாறும். லோரி, பேருந்து, பட்டுவாடா மோட்டார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு உரிமம் போவது என்றால் குடும்பத்தின் அடுப்பு அணைவது என்று பொருள்.

கேளிக்கை மையங்களில் போலீசார் திடீர்ச் சோதனை நடத்தும்போது வாடிக்கையாளர்களிடம் சிறுநீர்ச் சோதனை செய்வது வழக்கம். போதைப்பொருள் உட்கொண்டது உறுதியானால் 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அந்தப் பதிவு பிற்காலத்தில் அரசாங்க வேலைக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் தடையாக நிற்கும். அறிமுகமில்லாதவர் தரும் பானத்தை வாங்கிக் குடிக்கக்கூடாது, தன் குவளையை மேசையில் விட்டுப் போகக்கூடாது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லி வைக்க வேண்டும். போகவே கூடாது என்று மட்டும் சொன்னால், பிள்ளை போவதும் தெரியாது, ஆபத்தில் சிக்கினால் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கத் துணிவும் இருக்காது.

கடை திறக்க எண்ணுவோருக்கு

ஈப்போவில் சுற்றுப்பயணிகள் வருகை பெருகியதால் பழைய பட்டணத்தின் முக்கியத் தெருக்களில் கடை வாடகைக்குக் கிராக்கி கூடியது. சிறு முதலில் தொடங்குபவர்கள் அங்கேயே இடம் பிடிக்க முயலாமல், குடியிருப்புப் பகுதிக் கடைவரிசையில் தொடங்கி வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பான வழி. சுற்றுப்பயணி பெரும்பாலும் வார இறுதியில் வருவார். திங்கள் முதல் வியாழன் வரை கடையைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

தேவைப்படும் அடிப்படை ஆவணங்கள் இவை:

வணிகப் பதிவு: தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி.

வளாக உரிமம்: ஈப்போ மாநகர் மன்றத்திடம் பெற வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, அந்த இடத்தில் உணவகம் நடத்த அனுமதி உண்டா என்று மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். இதைச் செய்யாமல் புதுப்பிப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு உரிமத்துக்கு அலைவதே பலருக்கு நேரும் முதல் அடி.

விளம்பரப் பலகை: தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சமையற்கூடம்: 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி வளாகத்தைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சிச் சான்றிதழும் டைஃபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். முதலாளி தாமே சமைத்தாலும் இது பொருந்தும்.

மது, கேளிக்கை: சாப்பாட்டுக் கடை உரிமம் இருந்தால் மதுபானக் கூடம் நடத்தலாம் என்பதில்லை. 1976-ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் மது உரிமமும், பாட்டுக் கச்சேரிக்கும் கரோக்கேவுக்கும் கேளிக்கை உரிமமும் தனித்தனியே வேண்டும். பள்ளி, வழிபாட்டுத்தலம், குடியிருப்பு ஆகியவற்றுக்கு அருகே இருந்தால் எதிர்ப்பு வர வாய்ப்புண்டு.

முதலுக்கு, தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் இந்தியத் தொழில்முனைவர்களுக்கானது. இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியாரின் பெண் திட்டமும் உண்டு. வட்டிமுதலைகளிடம் கைநீட்டும் முன் இவற்றுக்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

இந்திய உணவகங்களின் பெரிய சிக்கல் ஆள் பற்றாக்குறை. தோசைக்கல்லில் நிற்கவும், பரோட்டா வீசவும், பெரிய குண்டானில் சாம்பார் கிண்டவும் உள்ளூர் இளைஞர்கள் முன்வருவதில்லை என்று முதலாளிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நீண்ட நேரம், வார இறுதி ஓய்வின்மை, சம்பளத்தில் தெளிவின்மை ஆகியவையே தயக்கத்துக்குக் காரணம் என்பது இளைஞர் தரப்பு. வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்கும் அனுமதி அரசாங்கக் கொள்கைக்கேற்ப மாறிக்கொண்டே இருப்பதால், அதை மட்டும் நம்பிக் கடை நடத்துவது கடினம். சமையல் தெரிந்த தலைமுறை ஓய்வு பெறும்போது அந்தக் கைப்பக்குவமும் கடையோடு போய்விடுகிறது. நம்மவர் பிள்ளைகள் பரிமாறுபவர்களாக மட்டும் நின்றுவிடாமல் சமையலையும் கணக்கையும் கற்றுக்கொண்டால்தான், அடுத்த கடை அவர்கள் பெயரில் திறக்கும்.

இரவு வேலைக்குப் போவோருக்கு

படிப்பு முடிந்ததும் பல இளைஞர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை உணவகத்தில்தான். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களிலும், ஆகஸ்ட் முதல் எல்லா இடங்களிலும் இது நடைமுறைக்கு வந்தது. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரம். 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோர் அதற்கு மேல் செய்தால், ஒன்றரை மடங்கு மிகைநேரச் சம்பளத்துக்கு உரியவர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம்.

ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் செலுத்தப்படுகின்றனவா என்பதைத் தாமே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். ‘கையில் முழுச் சம்பளமும் தருகிறேன், இபிஎஃப் வேண்டாமே’ என்று சொல்லும் முதலாளி, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சம்பளத்துக்குத் தாம் கட்ட வேண்டிய 13 விழுக்காட்டை மிச்சப்படுத்துகிறார். நள்ளிரவுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளிக்குச் சொக்சோ மிக முக்கியம். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே நடக்கும் விபத்துக்கும் அது இழப்பீடு தரும். பதிவே இல்லையென்றால் அந்தக் குடும்பம் மருத்துவமனை வாசலில் கையேந்தி நிற்க நேரும். குறைகளை ஆள்பலத் துறையில் தெரிவிக்கலாம்.

வயிறும் உடலும்

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மற்ற எல்லா இனத்தையும்விட இது அதிகம். நள்ளிரவில் ரொட்டி சானாயும் மீ கோரேங்கும், அதோடு கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும் என்ற பழக்கம் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. 2024-இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 24 மணி நேர உணவகங்களுக்கு அனுமதி கூடாது என்று கேட்டுக்கொண்டபோது பலத்த விவாதம் எழுந்தது. இரவுப் பணியாளர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்பது கடைக்காரர்களின் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ‘தே ஓ கோசோங்’ என்று சீனியில்லாத தேநீர் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

வீடு திரும்புதல்

உள்ளூர்ப் பேருந்துகள் இரவில் நெடுநேரம் ஓடுவதில்லை. இடிஎஸ் ரயிலில் திரும்புவோர் கடைசி ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்து இருக்கையைப் பதிந்துகொள்ள வேண்டும். வார இறுதியில் டிக்கெட் விரைவில் தீர்ந்துவிடும். வெளியூர்ப் பேருந்துகள் மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா முனையத்திலிருந்து புறப்படுகின்றன. அது நகர மையத்திலிருந்து சற்றுத் தொலைவு என்பதால் பயண நேரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். நகருக்குள் இணையவழி வாடகைக் கார் எளிதாகக் கிடைக்கும். சுங்கை சிப்புட், கம்பார் போன்ற தூரத்து ஊர்களுக்கு நள்ளிரவில் வண்டி கிடைப்பது உறுதியில்லை. குழுவாகப் போகும்போது குடிக்காத ஒருவரை ஓட்டுநராக முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஆண்டில் ஓர் இரவு மட்டும் ஈப்போவின் தெருக்கள் வேறு மாதிரி விழித்திருக்கும். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை ஸ்ரீ சுப்பிரமணியர் ஆலயம் வரை காவடிகளும் பால்குடங்களும் நகரும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். அங்கே பில் கிடையாது. புதிய கடைகளைப் பார்க்க ஈப்போவுக்கு வருபவர்கள் அந்த நாளையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். மோர் வாங்கிக் குடிப்பவர்கள் வரிசையில் எல்லா இனத்தவரும் நிற்பார்கள்.